இரண்டு காதும் நனைய

தாழ்ப்பாளைப் போடுவதா வேண்டாமா என்று நின்ற நேரத்திலேயே வாளித் தண்ணீர் பாதி ஆறியிருக்கும். பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு, தலையில் வைத்த நல்லெண்ணெய் காதோரம் வழிய, குளியலறைக் கதவில் ஒரு கையை வைத்தபடி பூங்கொடி நின்றாள். புருஷன் ரங்கராஜ் தினமும் போட்டுத் திறக்கிற தாழ்ப்பாள்தான். வந்த விருந்தாளிகள்கூடப் போட்டிருப்பார்கள். அவள் மட்டும் போட்டதில்லை. கதவை ஒருக்களித்து வைத்து, அந்த இடுக்கில் ஒரு காதை விட்டுவிட்டு, மீதி உடம்பை மட்டும் உள்ளே கொண்டுவந்து குளிக்கிறவள் அவள். கழுத்துக்குக் கீழே நாலு சொம்பு, முகத்துக்கு ஒரு கைத் தண்ணீர், முடிந்தது குளியல். தலை நாற ஆரம்பித்தால் அடுப்படிக் குழாயில் குனிந்து ஒரு பக்கம் அலசுவாள், நிமிர்ந்து காதைத் தீட்டிக் கேட்பாள், பிறகு மறுபக்கம் அலசுவாள். ஒரு காது நனையும்போது இன்னொரு காது காய்ந்திருக்க வேண்டும். அவளே போட்டுக்கொண்ட சட்டம், அதனாலேயே அதைத் தளர்த்த ஆளில்லை. "போட்டுட்டுக் குளிங்க பூங்கொடி, நான் இருக்கேன்லா," என்று முன்னறையிலிருந்து ஜெபசீலியக்காவின் குரல் வந்தது. நாகர்கோவில் பக்கத்துக் குரல், பேச்சின் வாலில் ஒரு 'லா'வை முடிந்து வைக்கிற குரல். கதவுக்கு வெளியேயிருந்தே எப்படிக் கண்டுபிடித்தார் என்று வெட்கமாகப் போயிற்று. தாழ்ப்பாளைத் தள்ளினாள். அது போய் விழுந்த சத்தம் வீடு முழுக்கக் கேட்டிருக்கும்.

முன்னறைக் கட்டிலில் சுபி படுத்திருந்தாள். சுபிக்ஷா என்று முழுப்பெயரைச் சொல்லி ஆஸ்பத்திரியில் கூப்பிட்டால் பூங்கொடிக்கே ஒரு நொடி யாரையோ என்றிருக்கும். பிறக்கும்போதே மூச்சுக்குழல் சுருங்கிப் பிறந்தவள், கால்களிலும் பலமில்லை. கழுத்தில் துளையிட்டு ஒரு சின்னக் குழாய் வைத்திருக்கிறார்கள், இந்த ஐந்து வயதுவரை அதன் வழியாகத்தான் மூச்சு வந்து போகிறது. மூச்சு கழுத்தோடு திரும்பிவிடுவதால் வாய்க்குக் குரல் ஏறுவதில்லை. அழுதால் உதடு பிதுங்கும், கண்ணீர் வரும், சத்தம் வராது. அப்படிப்பட்ட பிள்ளையின் தாய்க்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். குழாயில் சளி கட்டினால் கஞ்சி கொதிக்கிற மாதிரி ஒரு சின்னக் களகளப்பு வரும், உடனே மெஷினைப் போட்டு மெல்லிய டியூபை உள்ளே விட்டு உறிஞ்சி எடுக்கோணும், விட்டால் உதடு நிறம் மாறிவிடும். கால் விரலில் மாட்டியிருக்கிற, ஆக்ஸிஜன் அளவு காட்டுகிற கருவி கத்துமே என்பார்கள் பார்க்க வருகிறவர்கள். கத்தும்தான். அது கத்துவதற்குள் பூங்கொடி எழுந்து போய் வேலையையே முடித்திருப்பாள். அவளுக்குப் பாம்புக்காது என்று ரங்கராஜ் சொல்வான். சுபிக்கும் ஒரு பேச்சு உண்டு, கையிலிருக்கிற வளையலால் கட்டில் கம்பியில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் வா. இரண்டு தட்டு என்றால் போதும். சளி எடுத்து முடிந்ததும் இரண்டு தட்டுத் தட்டாமல் விடமாட்டாள், பெரிய மேஸ்திரி மாதிரி.

இப்போது என்ன கேட்கிறது? பக்கத்து வீட்டில் பனியன் தைக்கிற மெஷின் ஓடுகிற சத்தம், அதற்கு அடியில் ஜெபசீலியக்கா ஏதோ முணுமுணுக்கிற சத்தம், பாட்டா ஜெபமா தெரியவில்லை. மூச்சு கேட்கவில்லை. கதவு சாத்தியிருக்கிறதே, எப்படிக் கேட்கும் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். அதட்டினால் அடங்குகிற மனசா அது. சுபிக்கு இரண்டு வயசு முடிந்திருந்த சமயம், ஒரு தீபாவளிக் காலையில், இதே போலத் தலையில் எண்ணெயோடு உள்ளே வந்தவள்தான். ரங்கராஜ் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் எல்லாம் தெரியும், ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும்தான் சொல்லிக் கொடுத்தார்கள். தலையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தபோது அவன் கூப்பிட்டிருக்கிறான், பூங்கொடி பூங்கொடி என்று எத்தனை முறையோ, அவள் காதில் தண்ணீர்தான் கேட்டது. ஏதோ தோன்றி நுரையோடு ஓடி வந்து பார்த்தால் பிள்ளையின் உதடு நாவல்பழமாக இருந்தது, டியூபைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் மரமாக உட்கார்ந்திருந்தான், கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. பிடுங்கி, விட்டு, எடுத்து, பிள்ளை திரும்பிவிட்டாள். அன்றைக்கு அவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவனைக் குறை சொல்ல அவளுக்கு நாக்கு வராது. பெற்ற பிள்ளை கண்ணெதிரே கறுத்தால் யாருக்குத்தான் கை ஓடும்? இன்றைக்கும் கம்பெனிக்குப் போவதற்கு முன்னால் டியூபையெல்லாம் சுத்தம் பண்ணி வரிசையாக வைத்துவிட்டுத்தான் போகிறான், அந்த வரிசையைப் பார்த்தாலே அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். ஆனால் அன்றிலிருந்து ஒரு காது காய்ந்தேதான் இருந்தது.

தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடு இருந்தது. கிண்ணத்தில், தலை எண்ணெய் போகத் தேய்க்கிற அரப்பு இலைத் தூளைக் கரைத்து வைத்திருந்தாள், பச்சை வாசனை எழும்பியது. "அரப்பா? அது என்னது? எங்க ஊர்ல தாளி இலைலா அரைச்சுத் தேய்ப்போம்," என்று ஜெபசீலியக்கா மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தது நினைவுக்கு வந்து சிரிப்பு வந்தது. குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து, இப்போது நர்ஸிங் காலேஜில் பாடம் எடுக்கிறவர். இப்படிப்பட்ட பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்க்கிற தாய் தகப்பன் எப்படி நாளைக் கழிக்கிறார்கள் என்று ஆராய்ச்சி பண்ணுகிறார். முதல்நாள் வந்தபோது மேடம் மேடம் என்றுதான் பூங்கொடி கூப்பிட்டாள். போனில் ரெக்கார்டரைப் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, எடுத்த எடுப்பில், "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். பூங்கொடி திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள், சுபியின் கால் விரலைப் பார்த்தாள், "தொண்ணூத்தாறுங்க மேடம்," என்றாள். சொன்ன பிறகும் தப்பாகச் சொன்னதாக அவளுக்குத் தோன்றவில்லை. யார் எப்போது கேட்டாலும் அந்தக் கருவி காட்டுகிறதைத்தான் சொல்லிப் பழக்கம். டாக்டர் கேட்டாலும் அதுதான், ரங்கராஜ் சாப்பாட்டு வேளையில் போன் பண்ணிக் கேட்டாலும் அதுதான். ஜெபசீலியக்கா சிரிக்கவில்லை. "அது சுபிலா. பூங்கொடி எப்படி இருக்காங்க?" என்றார். கணக்குப் பாடத்தில் எழுப்பி நிறுத்தப்பட்ட பிள்ளை மாதிரி பூங்கொடி முழித்தாள். மேஜைமேல் அந்த ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு வந்த நாட்களிலும் அவர் கேட்டதும் இவள் சொன்னதும் ஒட்டவே இல்லை என்றுதான் பூங்கொடிக்குத் தோன்றும். அவர் கஷ்டத்தைக் கேட்கிறார் என்று இவளாக நினைத்துக்கொண்டாள். இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தவருக்குக் கஷ்டத்தை எடுத்து வைக்காவிட்டால் காப்பி கொடுக்காமல் அனுப்புகிற மாதிரி ஆகிவிடாதா? சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் வேறு என்னவோ வந்தது. கரண்ட் நிறுத்துவதற்கு முன்னால் போன் பண்ணிச் சொல்கிற லைன்மேன் பேச்சில் வந்தார். "பாப்பா மெஷினுக்குச் சார்ஜ் போட்டு வெச்சுக்குங்க அம்மிணி, இன்னிக்கு லைன்ல வேலை இருக்குது," என்று அவர் சொல்கிற தினுசை அப்படியே சொல்லிக் காட்டினாள். அவரை அவள் நேரில் பார்த்ததே இல்லை, ரோட்டில் எதிரே வந்தாலும் தெரியாது. பக்கத்து வீட்டு நாகமணியக்கா வந்தார், சுபி கண்ணயர்கிற நேரம் பார்த்துத் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பிசிறு வெட்டுகிற வேலைக்கு மாறிக்கொள்கிறவர், யாரும் கேட்டதில்லை, அவராகவே. ஆஸ்பத்திரியில் சளி எடுக்கச் சொல்லிக் கொடுத்த நர்ஸம்மா வந்தார். "டியூப் உள்ள இருக்கற வரைக்கும் உன்ற மூச்சையும் புடிச்சுக்கோ கண்ணு. உனக்கு எப்ப முட்டுதோ அப்ப புள்ளைக்கும் முட்டுது, வெளிய எடுத்துப்போடு," என்றாரே, அந்த ஒரு வார்த்தைதானே இத்தனை வருஷமாகப் பிள்ளையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பேசி முடித்ததும் பூங்கொடிக்கு வருத்தமாகிவிட்டது. "உங்களுக்கு ஒதவாத கதையாச் சொல்லிட்டிருக்கறனுங்களா?" என்று கேட்டாள். "நீங்க சொல்லுங்க, எதுவும் வீணாப் போகாது," என்று ரெக்கார்டரை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தி வைத்தார் ஜெபசீலியக்கா. கஷ்டம் இல்லாமலா? கழுத்துவரைக்கும் கஷ்டம் இருந்தது. ஆனால் கஷ்டம் எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் அதற்கு ஒரு முகம் இல்லை. உதவிக்கு வந்தவர்களுக்கு முகம் இருந்தது, குரல் இருந்தது, வாயைத் திறந்ததும் அவர்கள்தான் முந்திக்கொண்டார்கள்.

கடைசிக் கேள்வியாகத்தான் அதைக் கேட்டார். உங்களுக்கென்று ஒன்று கிடைக்குமென்றால் எது வேண்டும்? பிள்ளைக்குக் குணமாகோணும், ஒரு நல்ல மெஷின் வேணும், சொந்தமாக ஒரு வீடு, இப்படி எத்தனையோ வரிசையில் நிற்க, "ரெண்டு காதும் நனையத் தலைக்கு ஊத்திக்கோணுங்க," என்று சொல்லிவிட்டாள். சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகம். ஜெபசீலியக்கா கையை நீட்டி ரெக்கார்டரை நிறுத்தினார். ஐயோ, அசட்டுத்தனமாகப் பேசிவிட்டோம் போல என்று நினைத்தாள். "வெள்ளிக்கிழமை வாறேன், எண்ணெய் வாங்கி வைங்க," என்றார் அவர். வேண்டாங்க என்று அவள் பதறிக்கொண்டிருக்கும்போதே கையைக் கழுவிக்கொண்டு வந்து, அன்றைக்கே அவள் கண் முன்னாலேயே சுபிக்குச் சளி எடுத்தார். பூங்கொடி அவர் கையைப் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்த்தாள். டியூப் உள்ளே போனதும் அந்த நெஞ்சு ஏறாமல் நின்றது. வெளியே வந்த பிறகுதான் இறங்கியது. அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். படித்தவர், பாடம் நடத்துகிறவர் என்பதெல்லாம் சரி, அதற்காக ஒன்றும் பூங்கொடி சம்மதிக்கவில்லை. அந்த நின்ற மூச்சுக்குத்தான் சம்மதித்தாள். அன்றைக்குத்தான் மேடம் போய் அக்கா ஆனார்.

சரி, ஊற்று. சொம்பை முக்கினாள். தூக்கினாள், தோளுக்கு ஊற்றினாள். திருட்டுத்தனம். இன்னொன்று முக்கினாள், அதையும் தோளுக்கே ஊற்றினாள். தலைக்கு ஊற்றிக்கொள்வது என்றாலே இன்னொரு வார்த்தையும் கூடவே வந்து நிற்கிறது, அதை என்ன செய்ய? சுபி பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோது, ரங்கராஜின் பெரியம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சொன்னாக் கோவிச்சுக்காதே சாமி. இதெ இங்கியே தலைமுழுகிட்டு அடுத்ததுக்கு வழியப் பாரு," என்றார். கெட்ட மனசில்லை அவருக்கு. அழுதுகொண்டேதான் சொன்னார். இருந்தாலும் செத்தவர்களுக்கும் விட்டு ஒழித்தவர்களுக்கும் முழுகுகிற முழுக்கை மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைக்கா சொல்வது? அந்த வார்த்தை காதில் போய் உட்கார்ந்துகொண்டது. தீபாவளியன்று அப்படி ஆனதும் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தது, பார்த்தாயா, முழுகப் பார்த்தாய், பிள்ளை போகப் பார்த்தாள் என்று. ஒரு காதைக் காய வைத்திருந்தது சளிச் சத்தத்துக்கு மட்டும்தானா? அந்த வார்த்தை பலித்துவிடாமல் இருக்கவும்தானே. இதை ரெக்கார்டரில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ? இப்போதும் ஒன்றும் முழுகிப்போகவில்லை, தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு போய், குளிச்சாச்சுங்க்கா என்று சொல்லிவிடலாம், தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது. ஆனால் அவருக்குத் தெரிந்துவிடும். தாழ்ப்பாளையே கண்டுபிடித்தவருக்கா இது தெரியாது? தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூன்றாவது சொம்பை உச்சந்தலையில் கவிழ்த்தாள்.

தண்ணீர் விழுந்த அந்தக் கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். டியூப் பிடித்துப் பிடித்துப் பழகிய பழக்கம். நாலாவது சொம்பு, ஐந்தாவது. காதுக்குள் கும்மென்று அடைத்தது, உலகம் தூரப் போயிற்று. பயம் வந்தது, வந்தே தீரும் என்று தெரியும். அரப்பை அள்ளித் தலையில் அப்பினாள். விரல்கள் மயிருக்குள் போயின. எவ்வளவு முடி கொட்டியிருக்கிறது, இவ்வளவுதானா மிச்சம், உச்சியில் இது என்ன, சின்னத் தழும்பு, பள்ளிக்கூடத்து மணியில் இடித்துக்கொண்டது அல்லவா, மறந்தே போயிருந்தது, அப்போது கபடி விளையாடுவாளே, மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு போய் அந்தப் பக்கத்தைத் தொட்டுவிட்டு வருவாளே. அந்தப் பெண் எங்கே போனாள்? அப்போதுதான் அது கேட்டது. ர்ர்ர் என்று. தையல் மெஷின்தான், நாகமணியக்காதான். இல்லை, தையல் மெஷின் விட்டுவிட்டு ஓடும், இது ஒரே இழுப்பாக ஓடுகிறது. சுபியின் மெஷின். சளி எடுக்கிறார். கண்ணைத் திறந்தால் அரப்பு எரிந்தது. குருடி மாதிரிச் சுவரைத் தடவிக்கொண்டு போய்த் தாழ்ப்பாளைப் பிடித்துவிட்டாள். அதே தீபாவளி, அதே நுரை, அதே கதவு. கூப்பிடுகிறாரா? பூங்கொடி என்று கூப்பிட்டாரா? இல்லை. மெஷின் மட்டும் ஓடுகிறது. திறந்துகொண்டு ஓட வேண்டியதுதான், எட்டு எட்டு வைத்தால் கட்டில். ஆனால் இந்த நுரைக் கையோடு போய் என்ன செய்யப் போகிறாள்? அங்கே ஒரு கை இருக்கிறது. நடுங்காத கை. மூச்சைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்த நெஞ்சு. கதவுக்கு இந்தப் பக்கம் பூங்கொடியும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரே பிள்ளைக்காக இரண்டு பேர் மூச்சை நிறுத்திக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தாள். இதுவரை இந்த வீட்டில் நான் ஒருத்திதான் நிறுத்தினேன். முட்டியது. அவளுக்கு முட்டிய அதே நேரத்தில் மெஷின் நின்றது.

ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, டங், டங். கட்டில் கம்பியில் வளையல். இரண்டு தட்டு. போதும் என்கிறாள் மேஸ்திரி. பூங்கொடி தாழ்ப்பாளை விட்டாள். அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டு, வாயைத் திறந்து, சத்தமில்லாமல் அழுதாள். பிள்ளையிடமிருந்து கற்றுக்கொண்ட அழுகைதான். கண்ணீரோடு அரப்பும் சேர்ந்து வாய்க்குள் கசந்தது. "எடுத்தாச்சு, கொஞ்சம்தான் இருந்துது. நீங்க ஊத்துங்க," என்று குரல் வந்தது. ஊத்தறனுங்க்கா என்று சொல்வதற்குப் பதிலாகச் சொம்பால் வாளியில் இரண்டு தட்டுத் தட்டினாள். அந்தப் பக்கம் ஜெபசீலியக்கா சிரிப்பது கேட்டது. அப்புறம் ஊற்றினாள். கணக்கில்லாமல், அவசரமில்லாமல், உச்சியில், பிடரியில், இந்தக் காதில், அந்தக் காதில். கல்யாண வீடுகளில் கேட்பார்கள், என்ன பூங்கொடி, முழுகாம இருக்கறயா என்று, அடுத்த பிள்ளை உண்டா என்று தெரிந்துகொள்கிற கேள்வி. இல்லீங் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். இப்போது தண்ணீர் வழிய வழிய அதை நினைத்துச் சிரிப்பு வந்தது. பொய்தானே சொல்லியிருக்கிறேன். மூன்று வருஷமாக முழுகாமல்தானே இருந்தேன். வயிற்றிலிருந்து வெளியே வந்த பிறகும் இந்தப் பிள்ளையைச் சுமந்துகொண்டேதானே இருந்தேன், இவள் மூச்சு என் மூச்சு என்று. பெரியம்மா சொன்ன முழுக்கு இல்லை இது. எதையும் விடவில்லை. தோள் மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான். ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறினால் பிள்ளை கீழே விழுந்துவிடுமா என்ன? லைன்மேனும் நாகமணியக்காவும் அந்த நர்ஸம்மாவும் ரங்கராஜின் டியூப் வரிசையும் ஒவ்வொன்றாக நினைவில் வந்தன, எல்லாம் தோள்கள்தான், இவள்தான் ஒரு தோள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நல்லா இருங்க, எல்லாரும் நல்லா இருங்க என்று வாய்விட்டே சொன்னாள். வாளி காலியானது தெரியாமல் சொம்பு அடியில் இடித்தது.

தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வந்தபோது தலையில் கட்டிய துண்டிலிருந்து முதுகில் தண்ணீர் சொட்டியது. சேலையைச் சுற்றிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். ஜெபசீலியக்கா கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், சுபி அவருடைய விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் பிள்ளையின் கண் விரிந்தது, தலையில் என்ன அது என்று. வளையலால் ஒரு தட்டுத் தட்டினாள். பூங்கொடி குனிந்தாள். சுபி துண்டிலிருந்து நழுவிய ஈர முடியைப் பிடித்து இழுத்து, முகத்தில் வைத்துப் பார்த்து, சத்தமில்லாமல் சிரித்தாள். "எப்படி இருக்கீங்க?" என்று ஜெபசீலியக்கா கேட்டார். மேஜைமேல் ரெக்கார்டர் இல்லை. கால் விரல் பக்கம் பூங்கொடியின் கண் போகவில்லை. ஈர முதுகில் மேலே சுற்றுகிற ஃபேன் காற்று படுவதும், உடம்பெல்லாம் சிலிர்ப்பதும், அந்த உடம்பு தன்னுடையதாக இருப்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"குளுருதுங்க்கா," என்றாள்.

ஜெபசீலியக்கா எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார்.